எலியின் விலாசம்

தேயிலைத் தோட்டத்துக் கீழ்ப்பிரிவின் வரிசை வீடுகளான லயத்துக்கு ஜீப் வரப்போகிறது என்று, வேலை பிரிக்கும் காலைப் பெரட்டில் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. மஸ்கெலியாவிலிருந்து வரும் பஸ்ஸே பாதி நாள் தோட்டத்தை எட்டிப் பார்ப்பதில்லை. ஜீப் என்றால் அது தேர்தல் காலத்தில் வரும், கும்பிடு போடும், போய்விடும். இதுவோ தேர்தல் காலமும் இல்லை. விசாரித்துப் பார்த்தால் விஷயம் இன்னும் வேடிக்கையாக இருந்தது. ஜீப் வருவது ஆட்களைப் பார்க்க அல்ல, எலிகளைப் பார்க்க.

அது இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு. நாடெங்கும் எலிக்காய்ச்சல் என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. எலியின் மூத்திரம் தண்ணீரில் கலந்து, அந்தத் தண்ணீர் காலில் இருக்கிற புண்ணிலோ வெடிப்பிலோ பட்டால் போதுமாம், காய்ச்சல் உள்ளே ஏறிவிடுமாம். இதைக் கண்டுபிடிக்கக் கொழும்பில் ஒரு திட்டம் போட்டிருந்தார்கள். தோட்டங்களில் எலி பிடித்து, அறுத்து, சோதித்து, எந்த இடத்து எலியில் கிருமி இருக்கிறதோ அந்த இடத்துக்குத் தண்ணீர் வடியச் சீமெந்துக் கானும் கக்கூசும் கட்டிக் கொடுப்பது என்பது திட்டம்.

இதைச் செல்லசாமிக்கு விளக்கிச் சொன்னவர் சுகாதாரப் பரிசோதகர் குகநேசன். யாழ்ப்பாணத்துக்காரர். மலைக்கு மாற்றலாகி வந்து நாலு வருஷமாகியும் குளிருக்குக் காதைச் சுற்றி மப்ளர் கட்டுவதை விடாதவர். செல்லசாமி கீழ்ப்பிரிவின் தலைவர். தலைவர் என்றால் தொழிற்சங்கத்துக்குச் சந்தா சேர்ப்பதும், தோட்டத்தை நடத்துகிற தொரையிடம் ஆட்களுக்காகப் பேசுவதும், பேசியது ஒன்றும் நடக்காதபோது ஆட்களிடம் ஏச்சு வாங்குவதும் அவர் வேலை.

"தலைவர், இது நல்ல சந்தர்ப்பம்" என்றார் குகநேசன். "உங்கட எலியில கிருமி இருக்குதெண்டு காட்டினாக் கான் வரும். திட்டத்திலேயே எழுதிக் கிடக்கு."

"அப்ப எங்க எலிக்குச் சீக்கு இருக்கணும்னு சாமிய வேண்டிக்கிறணுமுங்களா ஐயா?"

"அப்பிடி நான் சொல்லேலாது. ஆனா இருந்தாத்தான் கான்."

செல்லசாமி சிரிக்கவில்லை. லயத்தின் பின்பக்கம் ஓடுகிற அந்த மண் கானுக்காக அவர் பதினோரு பெட்டிசம் எழுதியிருந்தார். மழை பிடித்தால் மேலேயிருந்து வருகிற தண்ணீர் முழுதும் அதில் இறங்கி, குப்பை அடைத்து, கடைசிக் காம்பிராவுக்குள் ஏறும். அந்தக் கடைசி ஒற்றையறைக் காம்பிராவில் அவருடைய தம்பி கணேசமூர்த்தி குடியிருந்தான். போன வருஷம் ஆடி மழையில் வெறுங்காலோடு இறங்கி அடைப்பெடுத்தான். அடுத்த வாரம் காய்ச்சல். தோட்டத்து டிஸ்பென்சரியில் வெள்ளைக் குளிசை கொடுத்தார்கள். கண் செக்கச்செவேலென்று ஆனது, கெண்டைக்கால் வலிக்கிறது என்று புழுவாய்த் துடித்தான். ஆறாம் நாள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது அங்கிருந்த டாக்டர் சொன்னது செல்லசாமியின் காதில் இன்னும் இருந்தது. எலிக்காய்ச்சல் என்று ரெண்டாம் நாளே யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சாதாரண ஊசியில் காப்பாற்றியிருக்கலாமாம். சொல்ல யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

இப்போது அந்தக் காம்பிராவில் தம்பி பெண்சாதி பூரணி தனியாக இருந்தாள். மழை வந்தால் அவள்தான் மம்பட்டியோடு அந்தக் கானில் இறங்கினாள். செல்லசாமி எத்தனையோ தடவை தடுத்துப் பார்த்தார். அவர் கொழுந்து நிறுவைக்குப் போயிருக்கிற நேரமாகப் பார்த்து இறங்கிவிடுவாள். இந்த ஆடிக்கு முன்னால் கானில் சீமெந்து பூசியாக வேண்டும், இல்லாவிட்டால் இன்னொரு பாடை கட்ட வேண்டியிருக்கும் என்ற பயம் அவரை விடவில்லை.

கீழ்ப்பிரிவில் எலிக்குப் பஞ்சமே இல்லை. கூரையில் ஓடும், விறகு அடுக்கில் குட்டி போடும், ராகலையிலிருந்து வாங்கி வந்த உருளைக்கிழங்கை மூட்டையோடு தின்னும். ஆகவே செல்லசாமி நிம்மதியாகத்தான் இருந்தார். ஆனால் அவர் ஒன்றை மறந்துவிட்டார். லயத்துப் பெண்களை மறந்துவிட்டார்.

வெளியாட்கள் வருகிறார்கள் என்றால் லயத்தில் ஒரு பழக்கம் உண்டு. வெள்ளைக்காரத் தொரை காலத்திலிருந்து வருகிற பழக்கம். யார் வந்தாலும், எதற்கு வந்தாலும், முதல் வேலை கூட்டுவது, கழுவுவது, சுண்ணாம்பு அடிப்பது. நிலைமையைப் பார்க்க வருகிறவர்களுக்கு நிலைமையைக் காட்டாமல் அனுப்புவதில் கீழ்ப்பிரிவுப் பெண்களை அடிக்க ஆள் கிடையாது. சனிக்கிழமை செல்லசாமி மஸ்கெலியாவுக்குப் போய்த் திரும்பி வந்தபோது லயம் அடையாளம் தெரியவில்லை. விறகெல்லாம் வெளியே அடுக்கியிருந்தது. எலி வளைகளில் கொதிதண்ணீர் ஊற்றிக் களிமண் அப்பியிருந்தது. அரிசிச் சாக்குகள் உத்தரத்தில் தொங்கின. கானைக்கூட வழித்தெடுத்து ஓரத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு போட்டிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றது அவருடைய சொந்தப் பெண்சாதி மீனம்மா.

"என்னாடி செஞ்சு வச்சிருக்க?" என்றார் செல்லசாமி, தலையில் கை வைத்துக்கொண்டு. "அவுங்க வர்றதே எலி பாக்கத்தான்."

"வரட்டுமே. கொழும்புலேருந்து படிச்ச புள்ளைங்க வருது. குப்பையா கெடந்தா நம்மளப் பத்தி என்னா நெனப்பாங்க?"

"எலி இருக்குன்னு நெனப்பாங்க. அதுதாண்டி வேணும்."

"எலி இருக்கட்டும். மானம் மருவாதி வேணாமா? எலி பிடிக்கிற லயம்னு நம்மளப் போட்டோ புடிச்சுப் பேப்பர்ல போட்டா நல்லாருக்குமா?" என்று கேட்டுவிட்டு மீனம்மா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போனாள். மானம் என்று வந்துவிட்டபின் எந்தத் தலைவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஜீப் வந்தது. இருபது கம்பிக் கூண்டுகளை இறக்கி, ஒவ்வொரு காம்பிராவுக்கும் ஒன்று வீதம் நம்பர் போட்டு வைத்தார்கள். சுட்ட கருவாட்டை உள்ளே மாட்டினார்கள். மறுநாள் காலையில் பதினெட்டுக் கூண்டு காலி. இரண்டில் மட்டும் மூக்கு நீண்ட இரண்டு பிராணிகள் கீச்கீச்சென்று கத்திக்கொண்டிருந்தன. செல்லசாமிக்கு உயிர் வந்தது.

குகநேசன் குனிந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இது மூஞ்சூறு, தலைவர். இது எலிச் சாதியே இல்லை. பூச்சி தின்னுற வேற இனம். எங்கட படிவத்தில இதுக்கு இடமில்லை."

பார்த்துக்கொண்டிருந்த பெண்களுக்கு இதில் மெத்த திருப்தி. பிள்ளையாரின் வாகனத்தை எலிக்காய்ச்சல் கணக்கில் சேர்க்காமல் விட்டதற்காக மீனம்மா குகநேசனுக்கு இஞ்சித் தேத்தண்ணி கொடுத்தாள். இரண்டு மூஞ்சூறுகளையும் மரியாதையோடு கோயில் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள்.

இன்னும் இரண்டு நாள்தான் தவணை. அதற்குள் எலி விழாவிட்டால் 'எலி இல்லை' என்று எழுதிக்கொண்டு ஜீப் அடுத்த தோட்டத்துக்குப் போய்விடும். கானும் அதோடு போய்விடும். இருந்த எலிகளோ கொதிதண்ணீருக்குப் பயந்து எங்கெங்கோ போய்விட்டன. செல்லசாமி யோசித்தார். பிறகு மேட்டு ரோட்டில் ஏறி, பெரிய தொரை பங்களாவின் குசினிப் பக்கம் போனார்.

பங்களாவில் சமையல் வேலை பார்த்த அழகன் லயத்துப் பையன்தான். பங்களா ஸ்டோரில் நாய்க்குத் தீனி, கோழிக்குத் தீனி, மூட்டை அரிசி என்று ஒரு சின்னக் கடையே இருந்தது. தின்று கொழுத்த எலிகள் அங்கே பகலிலேயே உலாவின. அவற்றால் அழகனுக்குத் தினமும் தொரைச்சாணியிடம் பாட்டு.

"எத்தன வேணும்ணே?" என்று கேட்டான் அழகன், மரக்கறி வியாபாரி மாதிரி.

ஒன்பது எலி கோழித்தீன் சாக்கில் லயத்துக்கு இறங்கின. ஒன்பது கூண்டுகளில், ஒன்பது காம்பிரா நம்பர்களில், குடிபுகுந்தன. குகநேசன் ஏழாம் நம்பர் கூண்டைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உங்கட எலியள் நல்ல கொழுப்பா இருக்குது, தலைவர்."

"நாங்க பசியா இருந்தாலும் எலியப் பட்டினி போடுறதில்லங்க" என்றார் செல்லசாமி.

குகநேசன் அவர் முகத்தைப் பார்த்தார். இவை லயத்து எலி இல்லை என்று தெரிந்துகொண்ட பார்வை அது. ஆனால் அவரும் பதினோரு பெட்டிசத்தையும் படித்தவர், கணேசமூர்த்தியின் சாவுக்கு வந்தவர். படிவத்தில் 'பிடிபட்ட இடம்: கீழ்ப்பிரிவு லயம்' என்று எழுதி நீட்டினார். செல்லசாமி கையெழுத்துப் போட்டார்.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. ஒன்பதில் ஏழில் கிருமி. கீழ்ப்பிரிவில் அன்று திருவிழா. தங்கள் வீட்டில் கொடிய நோய் இருக்கிறது என்று கேட்டு ஒரு லயமே ரொட்டி சுட்டுக் கொண்டாடியது உலகத்தில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். அளவெடுக்க இரண்டு மேசன்மார் வந்து நூல் பிடித்தார்கள். பூரணி தன் வாசலில் நின்று அந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வருஷத்தில் அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று தெரிந்தது அன்றைக்குத்தான்.

நூல் பிடித்த மூன்றாம் நாள், காலைப் பெரட்டு கலையும் நேரத்தில், அழகன் மூச்சிரைக்க இறங்கி வந்தான்.

"அண்ணே, பங்களாப் பாப்பாவுக்கு நாலு நாளாக் காச்சல். டாக்டர் வந்து தடுமல் காச்சல்னு மருந்து குடுத்துட்டுப் போனாரு. எறங்கலண்ணே. கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு."

செல்லசாமிக்கு அந்தப் பிள்ளையைத் தெரியும். தொரையின் ஒரே மகள், ஆறு வயசு. நாய்க்குட்டியோடு ஸ்டோரைச் சுற்றி வெறுங்காலில் ஓடித் திரிகிற பிள்ளை.

"நீ சொல்ல வேண்டியதுதானே?"

"பங்களா எலிய லயத்துக்குக் குடுத்தேன்னு சொன்னா என் வேல என்னாண்ணே ஆவுறது? நீங்க சொல்லுங்க. இல்லாட்டி வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க, நான் வாயத் தொறக்கல."

பங்களாவில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து யாருக்கும் எலிக்காய்ச்சல் வந்ததில்லை. அது லயத்து வியாதி. எந்த டாக்டரும் அங்கே அதைத் தேடமாட்டார். அந்த ஏழு எலியின் சொந்த ஊர் எது என்று தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். அதில் ஒருத்தன் வாயை மூடிக்கொள்ள உத்தரவு கேட்கிறான். சொன்னால் கான் போய்விடும். செல்லசாமிக்கு அதில் சந்தேகமே இல்லை.

மேட்டு ரோட்டில் ஏறும்போது அவர் மனசு பல மாதிரிப் பேசியது. அது தடுமல் காய்ச்சலாகவே இருக்கலாமே என்றது. கானைக் கட்டி முடிக்கும் வரை பொறுக்கலாமே என்றது. அப்படி நினைத்த நிமிஷத்தில் அவருக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. ரெண்டாம் நாளே யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்று ஒரு வருஷமாக ஊரைத் திட்டிக்கொண்டிருந்தவர், இன்றைக்கு அந்த வார்த்தையைப் பையில் போட்டுக்கொண்டு நடக்கிறார். அழுகை வந்தது. நடையை எட்டிப் போட்டார்.

தொரைக்கு முதலில் கோபம்தான் வந்தது. பங்களாவில் எலிக்காய்ச்சலா என்று கேட்டார், பங்களாவில் கள்ளச்சாராயமா என்று கேட்கிற தொனியில். செல்லசாமி சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். அழகன் பெயரை மட்டும் விட்டுவிட்டு, ஸ்டோரில் தானே வந்து பிடித்ததாகச் சொன்னார்.

"பாப்பாவுக்குக் கெண்டக்கால் வலிக்குதான்னு கேளுங்க தொரை. அது ஒண்ண மட்டும் கேட்டுப் பாருங்க."

தொரைச்சாணி உள்ளே போய்க் கேட்டாள். பிள்ளை காலைத் தொடவிடாமல் அலறியது வெளியே வரை கேட்டது. கால் மணி நேரத்தில் தொரையின் கார் கண்டிக்குப் பறந்தது.

பிள்ளை பிழைத்துக்கொண்டது. பத்தாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டது. தொரை நன்றி கெட்ட மனிதர் இல்லை. செல்லசாமியைக் கூப்பிட்டனுப்பி, வாழ்க்கையில் முதல் தடவையாக உட்காரச் சொன்னார்.

"செல்லசாமி, நீ நல்ல மனுசன். உனக்கு என்ன வேணும், சொல்லு."

"லயத்துக் கான் கட்டணும் தொரை."

தொரையின் முகம் வருத்தப்பட்டது. உண்மையாகவே வருத்தப்பட்டது. "அது என் கையில் இல்லையே. நான் கொழும்புக்கு உண்மையை எழுதிவிட்டேன். நீ உண்மை பேசினாய், நானும் பேச வேணும்தானே?"

அந்தக் கடிதத்தில் செல்லசாமியின் நேர்மையைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தார். அதைத் தமிழில் மாற்றிப் பெரட்டில் கணக்கப்பிள்ளையைக் கொண்டு வாசிக்கவும் வைத்தார். ஆட்கள் கை தட்டினார்கள். அடுத்த வாரம் மேசன்மார் நூலைச் சுற்றி எடுத்துக்கொண்டு மேட்டு ரோட்டில் ஏறினார்கள். கிருமி இருந்த ஏழு எலியும் பங்களா எலி என்று ஆகிவிட்டதால், திட்டத்தின்படி கான் பங்களாவுக்கு. கீழ்ப்பிரிவுக்கு 'எலிகளற்ற லயம்' என்று ஒரு பலகை வந்தது. மீனம்மா அதைத் துடைத்து லயத்து முகப்பில் மாட்டினாள்.

பூரணியிடம் செல்லசாமி தானே போய்ச் சொன்னார். அவள் கொழுந்துக் கூடையை இறக்கிக்கொண்டே கேட்டாள்.

"புள்ள பொழச்சிருச்சுங்களா?"

"பொழச்சிருச்சு."

"அப்ப சரிங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கோபித்திருந்தால் தாங்கியிருப்பார். அந்தச் சரியைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

பங்களாக் கான் மிக அழகாக அமைந்தது. வழவழவென்ற சீமெந்து, இரண்டு பக்கமும் கரை. ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்காமல் சரசரவென்று கீழே ஓடியது. கீழே என்றால் லயத்துப் பக்கம்தான், மலையில் வேறு எந்தப் பக்கம் ஓடும்? சீமெந்து முடிகிற இடத்தில் கீழ்ப்பிரிவின் மண் கான் ஆரம்பித்தது. முன்பு மேலே பாதி ஊறி, பாதி வந்த தண்ணீர் இப்போது முழுசாக வந்தது. ஆனி கடைசியிலேயே பூரணியின் காம்பிராவுக்குள் கணுக்கால் தண்ணீர்.

தண்ணீர் மட்டும் வரவில்லை. பங்களா ஸ்டோரைச் சுற்றி மருந்து வைத்து, வளைகளையெல்லாம் சீமெந்தால் அடைத்துவிட்டார்கள். அங்கிருந்த எலிகள் குடும்பம் குடும்பமாகப் புதுக் கான் வழியே இறங்கி வந்தன. பட்டப்பகலில், அவசரமே இல்லாமல், வீடு மாறுகிறவர்களைப் போல வந்தன. களிமண் அப்பிய வளைகளைத் திறந்துகொண்டு குடியேறின. பார்த்ததும் தெரிந்தது, அதே கொழுத்த எலிகள்.

செல்லசாமி அன்றைக்கே அரைநாள் வேலையை விட்டுவிட்டு டவுனுக்குப் பஸ் ஏறினார். சுகாதார ஆபீசில் குகநேசன் இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் உடனே மேலிடத்துக்குப் போன் போட்டார். தமிழில் கொஞ்சம், சிங்களத்தில் நிறைய, ஆங்கிலத்தில் இரண்டு வசனம் பேசினார். ஒரு கட்டத்தில் அவருக்குச் சத்தம் ஏறியது. பிறகு இறங்கியது. போனை வைத்துவிட்டு மப்ளரை அவிழ்த்து மேசையில் போட்டார்.

"என்னங்கய்யா சொல்றாங்க?"

"எலி பிடிக்க வரமாட்டினமாம். அந்த எலியள் ஏற்கெனவே கணக்கில வந்திட்டுதாம்."

"எந்தக் கணக்குலங்க?"

"பங்களாக் கணக்கில." குகநேசன் அவரைப் பார்க்காமல் சொன்னார். "அது பங்களா எலியாம், தலைவர். அதுகளுக்குக் கான் கட்டியாச்சாம். ஒரே எலிக்கு ரெண்டு இடத்தில கட்டேலாதாம்."

வெளியே மலை முகட்டில் மழை கறுத்துக்கொண்டு வந்தது. பூரணி இந்நேரம் மம்பட்டியை எடுத்திருப்பாள்.

"அய்யா, ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுச் சொல்லுங்க" என்றார். "அந்த எலி எங்க லயத்துல எத்தன வருசம் இருந்தா அது எங்க லயத்து எலின்னு எழுதுவாங்க?"

குகநேசன் படிவத்தை எடுத்து முன்னும் பின்னும் புரட்டினார். அதற்குப் பதில் எழுதுகிற இடம் அதில் இல்லை. செல்லசாமி இந்த மலையிலேயே பிறந்தவர், அவருடைய அப்பாவும் இங்கேதான் பிறந்தார். அவர் இந்த நாட்டு ஆள் என்று எழுதிய கடதாசி அவர் கைக்கு வந்து அப்போது ஐந்து வருஷம்தான் ஆகியிருந்தது.

"எனக்குத் தெரியாது, தலைவர்" என்றார் குகநேசன். செல்லசாமி தலையை ஆட்டிவிட்டு, மழைக்கு முந்திய பஸ்ஸைப் பிடிக்க எழுந்துகொண்டார்.